கை சும்மா இருக்கும் இடம்

வேப்ப மரத்தடியில் எட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய கலர் மணிகள். ஆளுக்கு இரண்டு நூல். ஒரு நூலில் நான்காவது மணி ஒவ்வொன்றும் சிவப்பு, இன்னொன்றில் ஆறாவது மணி ஒவ்வொன்றும் சிவப்பு. கோத்து முடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சிவப்பும் சிவப்பும் முதலில் சேரும் இடம் பன்னிரண்டு. மீச்சிறு பொது மடங்கை இதைவிட அழகாக யாராலும் சொல்லித்தர முடியாது என்று அன்றைக்கு நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் மட்டும் கோக்கவில்லை. பாண்டிச்செல்வி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் வகுப்பறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கரில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"கோக்கலையா?" என்றேன்.

அவசரமாகக் கையை வெளியே எடுத்தாள். சிவப்பு எடுக்க மட்டும் தட்டைப் பார்த்தாள். மற்றபடி பார்வை ஜன்னலிலேயே இருந்தது. விரல்கள் மட்டும் தட்டுக்கும் நூலுக்கும் போய் வந்தன. மற்ற பிள்ளைகள் பாதி நூலைத் தாண்டுவதற்குள் இரண்டு மாலையையும் முடித்து முடிச்சும் போட்டுவிட்டாள். நான் பூரித்துப்போனேன். இவளைச் சரியான குழுவில்தான் போட்டிருக்கிறேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

என் முப்பத்திரண்டு வருட ஆசிரியர் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

கண், காது, கை

அப்போது நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு தல்லாகுளத்தில். கோரிப்பாளையத்தில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி, இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெயிலில் நடக்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொள்வேன். ரிட்டயர் ஆகட்டும், கையக் கால அசைக்காம உக்காரணும். வீட்டிலும் அதையே சொல்வேன். மகன் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன்.

ஒரு கோடை விடுமுறை முடிவில் எங்களை ஒரு பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். மூன்று நாள். பயிற்சி கொடுத்தவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பாடம் நடத்துவது ஒரே செருப்பை ஊருக்கே போட்டு விடுகிற மாதிரி என்றார். சில பிள்ளைகள் பார்த்துப் படிக்கும், சில பிள்ளைகள் கேட்டுப் படிக்கும், சில பிள்ளைகளுக்குக் கையால் தொட்டுச் செய்தால்தான் ஏறும். ஒரு வாரம் கவனியுங்கள், தன்னால் தெரிந்துவிடும் என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமூக அறிவியல் டீச்சர் மூன்றாம் நாள் மத்தியானம் அழகாகத் தூங்கினார். நான் நோட்டுப் போட்டு எழுதினேன். எனக்கு அந்தப் பையன் சொன்னது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. காரணம் உண்டு.

வழி தெரியாத மனிதர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். நான் சொல்லும் காலத்துக்கு ஐந்தாறு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருக்கு வழி சொல்லிப் புரிய வைக்க முடியாது. வலது பக்கம் மூணாவது சந்து என்றால் தலையை ஆட்டுவார், போய் நிற்பது வேறு எங்கோ. படம் போட்டுக் காட்டினாலும் அதே கதைதான். ஆனால் ஒருமுறை நடந்துவிட்டால் போதும், இருபது வருடம் கழித்தும் கால் தானாகப் போகும். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு படித்த மனிதருக்கு இது ஏறாதா என்று கத்துவேன். அவர் கோபப்படவே மாட்டார். கூட வா, ஒரு தடவை நடந்து காட்டு என்பார்.

பயிற்சி அறையில் அந்தப் பையன் பேசப்பேச எனக்கு அவர் முகம்தான் வந்தது. எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாதபோது மனுஷி வேறு எங்காவது கொண்டுபோய் அந்தக் கடனைத் தீர்க்கப் பார்ப்பாள். நான் ஆறாம் வகுப்பில் தீர்க்கப் பார்த்தேன்.

ஒரு வாரக் கவனிப்பு

முப்பத்தொரு பிள்ளைகள். பள்ளி திறந்த முதல் வாரம் பாடம் நடத்துவது போல நடத்திக்கொண்டு எல்லாரையும் வேவு பார்த்தேன். கரும்பலகையை விட்டுக் கண் எடுக்காதவர்கள் ஒரு பட்டியல். உதட்டை அசைத்து முணுமுணுப்பவர்கள் ஒரு பட்டியல். கை சும்மா இராமல் பேனாவை நோண்டுகிற, பெஞ்சைச் சுரண்டுகிற கூட்டம் ஒரு பட்டியல்.

பாண்டிச்செல்வியின் விரல்கள் மாதிரி வேறு யார் விரலும் ஆடவில்லை. பெஞ்சின் மேல் இரண்டு கையும் இருக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்து, சுற்றி, இழுத்து விடுவது போல ஓயாமல் அசையும். முகம் மட்டும் அமைதியாக இருக்கும். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கைப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

சார்ட் வாங்கி மூன்று கட்டம் போட்டு, கண், காது, கை என்று படம் வரைந்து, முப்பத்தொரு பெயரையும் எழுதி ஒட்டினேன். கண் குழுவுக்குப் படங்கள். காது குழுவுக்கு என் குரல். கைக் குழுவுக்கு வேப்ப மரத்தடியில் களிமண், குச்சி, புளியங்கொட்டை, மணி. மூன்று இடத்தில் நான் ஒரே நேரத்தில் இருக்க முடியாது அல்லவா? அதனால் காது குழுவுக்கான பாடத்தை முதல் நாள் சாயங்காலமே வீட்டில் போனில் பேசிப் பதிவு செய்துவிடுவேன்.

அந்தச் சாயங்காலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் அப்போதுதான் வேலை கிடைத்துப் புனே போயிருந்தான். பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, போனை டம்ளரில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பிப்பேன். "பிள்ளைகளா, இன்னைக்கு நாம பின்னங்கள் பாக்கப் போறோம்." நிறுத்துவேன், பிள்ளைகள் பதில் சொல்ல இடைவெளி விட வேண்டுமே. அந்த இடைவெளியில் கீழ் வீட்டு குக்கர் விசில் விழும். மறுபடி அழித்துவிட்டு முதலிலிருந்து பேசுவேன். அந்த வீட்டில் அந்த நாட்களில் பேசப்பட்டதெல்லாம் பின்னமும் ஒளிச்சிதறலும்தான்.

போட்டோ

தலைமை ஆசிரியருக்கு மரத்தடி ரொம்பப் பிடித்துப் போயிற்று. மணி கோத்த அன்று போட்டோ எடுத்து எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பினார். முன்னால் பாண்டிச்செல்வி, கையில் இரண்டு மாலை. கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் போன் பண்ணி எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கோத்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, மடங்குகளை விளக்கிவிட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். அதுவும் பயிற்சியில் சொன்னதுதான்.

மறுநாள் பாண்டிச்செல்வி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆனதும் கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டேன். காய்ச்சலா என்றால் இல்லை என்றார்கள். வீட்டில்தான் இருக்கிறாள், இனி வரமாட்டாளாம் டீச்சர் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

அம்மா சொன்ன கணக்கு

பள்ளி விட்டதும் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஊருக்குக் கிழக்கே காலனியில் கடைசி வீடு. வாசலிலேயே மல்லிகை வாசம் ஆளைத் தள்ளியது. உள்ளே ஈரச் சாக்கின் மேல் உதிரிப்பூ குவிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் பாண்டிச்செல்வி. வாழைநாரைக் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவள் விரல்களைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து, சுற்றி, இழுத்து விட்டன. வகுப்பில் ஒரு வாரம் நான் வேவு பார்த்த அதே அசைவு. இடையில் பூ இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கோபமான பெண் இல்லை. கறுப்பு டீ போட்டுக் கொடுத்தார். விடியற்காலை பூ வந்து இறங்கும், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவரை மகளும் கட்டுவாள், வந்ததும் மறுபடி கட்டுவாள், அப்பா கட்டட வேலைக்குப் போகிறார் என்று விவரமெல்லாம் அவராகவே சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து அந்த இரண்டு மணி மாலையையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதப் பாருங்க டீச்சர். நானும் எங்க ஆத்தாளும் களையெடுத்தும் நாத்து நட்டும் காலந் தள்ளிட்டம். இவளாச்சும் உக்காந்து நாலு எழுத்துப் படிக்கட்டும்னுதான், எம்புட்டு வேல கெடந்தாலும் அனுப்பிச்சேன். அங்கயும் கோக்கத்தான் விடுறாகன்னா இங்கனயே கட்டட்டுமே. முகூர்த்த நாளு வேற வருது."

என்னிடம் பதில் இருந்தது. மீச்சிறு பொது மடங்கு இருந்தது, கண், காது, கை இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு நாரை எடுத்து நானும் கட்டிப் பார்த்தேன். நாலு பூவைச் சேர்த்து முடிச்சுப் போட்டு இழுத்தால் நாலும் நழுவிக் கீழே விழுந்தன. ஆயுசு முழுக்கக் கட்டின பூவை வாங்கித் தலையில் வைத்தவள் நான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குக் கை வராது டீச்சர். வாய்தான்" என்றார். என்னைப் பட்டியலில் சேர்க்க அவருக்கு ஒரு வாரம் தேவைப்படவில்லை.

தப்பு என்னுடையது, பள்ளிக்கூடத்தின் மேல் இல்லை, இனிமேல் இவளைக் கோக்க விடமாட்டேன், அனுப்புங்கள் என்று கேட்டேன். முகூர்த்தம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். நான் கிளம்பும்போது, டீச்சரை ரோடு வரைக்கும் விட்டுட்டு வா என்று அம்மா அனுப்பினார்.

ரோட்டுக்குப் பாதி தூரம் வந்ததும், விரல் ஏன் வகுப்பில் ஆடிக்கொண்டே இருக்கும் என்று கேட்டேன்.

"அது தானா ஆடும் டீச்சர். காலையில கட்டுனது லேசுல நிக்காது."

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துலதான் டீச்சர் எங் கை சும்மா இருக்கும். நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு உக்காந்துருப்பேன். எல்லாம் மண்டையில ஏறும். அதுக்குத்தான் வாரது."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோரிப்பாளையம் வரும்வரை எனக்கு அழுகையை அடக்குவதே வேலையாக இருந்தது.

இரண்டு வாரம்

காலை வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிடுவேன். வரல டீச்சர் என்று கோரஸாகச் சொல்வார்கள். மரத்தடிக் கூட்டத்தைக் கலைத்து எல்லாரையும் உள்ளே உட்கார வைத்தேன். தலைமை ஆசிரியர், ஏன்மா நிறுத்திட்டீங்க, அதிகாரி பார்க்க வருகிறாராம் என்று வருத்தப்பட்டார். அவரிடம் எப்படிச் சொல்ல? அவர் போனில் அந்தப் போட்டோ இன்னும் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

வீட்டில் பதிவு செய்வதையும் விட்டுவிட்டேன். அதன் பிறகு சாயங்காலங்களில் வீடு இன்னும் அமைதியாகிப் போயிற்று. ஒருநாள் பழைய பதிவு ஒன்றைப் போட்டு நானே கேட்டேன். பிள்ளைகளா, புரியுதா என்று என் குரல் கேட்டது. பிறகு நான் விட்டிருந்த இடைவெளி. அதை அணைத்துவிட்டேன்.

முகூர்த்தம் முடிந்த திங்கட்கிழமை பாண்டிச்செல்வி வந்தாள். ஒன்றும் நடக்காதது போல இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உள்ளேன் ஐயா என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, அம்மா என்று திருத்திக்கொண்டாள். நான் பேனாவைக் கீழே போட்டுத் தேடுவது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பேட்டரி

அதற்குப் பிறகு அவளை நான் தாங்கு தாங்கென்று தாங்கினேன். நோட்டு அடுக்க, சாக்பீஸ் எடுக்க, மேப் மாட்ட, எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் கை பெஞ்சின் மேல் மல்லாந்து கிடக்கும். நாள் போகப்போக ஆட்டமும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தாள்.

அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்பு மின்சுற்றுப் பாடம் வந்தது. ஆளுக்கு ஒரு டார்ச் பேட்டரி, ஒரு குட்டி பல்பு, ஒரு துண்டு ஒயர். பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது பெஞ்சில் அவளை மட்டும் விட்டுவிட்டு, நீ பார்த்துக்கோ கண்ணு என்று தலையைத் தடவிக் கடந்து போனேன். பெரிய கருணை செய்துவிட்ட நினைப்பு.

"எனக்கு?" என்றாள்.

திரும்பினேன். கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதானே கை சும்மா இருக்கணும்னு சொன்ன" என்றேன்.

"சொன்னேன் டீச்சர்," என்றாள். "எப்பவுமா சொன்னேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்த மாதிரி கேட்டாள். பேட்டரியை எடுத்து அவள் கையில் வைத்தேன். பல்பு எரிந்ததும் அவள் முகத்தில் வந்ததை நான் எழுத முயலப்போவதில்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு நாற்காலி போட்டு ஏறி அந்தச் சார்ட்டைக் கிழித்தேன். கண், காது, கை மூன்றும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன.

பல வருடம் கழித்து இன்னொரு பயிற்சியில் வேறொரு பையன் வந்து, பிள்ளைகளை அப்படிப் பிரிப்பதற்குப் பெரிய ஆதாரம் ஒன்றும் இல்லை, அதை விட்டுவிடுங்கள் என்றான். நான் நோட்டுப் போட்டு எழுதவில்லை. சமூக அறிவியல் டீச்சர் மாதிரி தூங்கவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன்

நான் ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. மகன் நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது. சமையலுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறான், பெயர் மகேஸ்வரி. துணிக்கு மெஷின். காய்கறி, மளிகை எல்லாம் அவன் புனேயிலிருந்து போனில் அமுக்கினால் என் வாசலுக்கு வந்துவிடுகிறது. காலையில் பேப்பர் படித்து முடித்தால் அதற்கப்புறம் என் கைக்கு ஒரு வேலையும் கிடையாது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் அதுவாகவே புடவை ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்து விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டபோது, பக்கத்துத் தெருவில் ஒரு டியூஷன் சென்டரில் ஆள் கேட்கிறார்கள், போகட்டுமா, அல்லது சமையலையாவது நானே பார்த்துக்கொள்கிறேனே என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"என்னம்மா நீ. ரிட்டயர் ஆனா கையக் கால அசைக்காம உக்காரணும்னு நீதானம்மா அம்புட்டு நாளும் சொல்லிக்கிட்டு இருந்த."

"சொன்னேன்ப்பா," என்றேன். "எப்பவுமா சொன்னேன்?"

சரிம்மா, பிள்ளையைக் கிளாஸில் விடணும், ராத்திரி கூப்பிடுகிறேன் என்றான். ராத்திரி கூப்பிடவில்லை. மறந்திருப்பான்.

பாண்டிச்செல்வி கேட்டபோது நான் அவளுக்கு எதிரில் நின்றேன். நீட்டிய கை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பேட்டரியை எடுத்து வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புனேயிலிருந்து என் கை தெரியாது.

மறுநாள் காலை மகேஸ்வரியிடம், நாளையிலிருந்து வரவேண்டாம், நானே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட முடிவு செய்து அடுப்படி வரை போனேன். அவள் வெங்காயம் உரித்தபடி, மூன்று வீட்டு வேலையில் மகளைக் காலேஜில் சேர்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு, நானும் ரெண்டு வெங்காயம் உரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க போயி உக்காருங்கம்மா. தம்பி திட்டும்" என்றாள்.

வந்து உட்கார்ந்துவிட்டேன்.